விளித்தவர் பணம் போடவில்லை: ஒரு வாட்ஸ்அப் தபால்தலை ஏலத்தின் நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு 10:24-க்கு அந்த வாட்ஸ்அப் குழுவின் அட்மின் வின்னர் லிஸ்டைப் போட்டார். லாட் 14 (அதாவது 14-ஆவது விற்பனைத் தொகுப்பு), ரூ.9,200. ஆரம்ப விலை 1,500 ரூபாய் வைத்த லாட் அது. அதை விற்கக் கொடுத்திருந்த டீச்சருக்கு உடனே போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. அப்புறம், "மக்களே, அப்போ ஆஸ்பத்திரியில அட்வான்ஸ் கட்டுற தேதியச் சொல்லிரலாமா?" என்று கேட்டார். சொல்லிவிடுங்கள் என்றேன். அந்தப் பணம் கடைசிவரை வரவில்லை.

ஆன்லைன் ஏலத்தில் விளித்துவிட்டு, அதாவது விலை கேட்டுவிட்டு, பணம் போடாமல் போகிறவர்கள் புதிதல்ல. பதினொரு வருஷமாகத் தபால்தலையும் நாணயமும் விற்கிறேன், எனக்கே பலமுறை நடந்திருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் முழுதாக எழுதிவைப்பதற்குக் காரணம், பணம் வராத பிறகு நான் எடுத்த முடிவு. அடுத்த இடத்தில் இருந்தவரை அழைத்து, அவர் கடைசியாகச் சொன்ன விலைக்கே தருகிறேன் என்றேன். எல்லோரும் செய்வதுதான், நியாயமானது என்றுதான் நானும் நினைத்தேன். அது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

டீச்சரும் லாட் 14-உம்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. டீச்சர் வீடு பத்மநாபபுரத்தில், கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் ஆயுசு முழுக்கத் திருவிதாங்கூர் தபால்தலைகளையும் பழைய அஞ்சல் கவர்களையும் சேர்த்தவர். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. டீச்சருக்கு வலது முழங்கால் மூட்டு தேய்ந்துபோய் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நிலை. பிள்ளைகளிடம் கேட்க அவருக்கு மனசில்லை. "அவரு சேர்த்து வச்சது எனக்கு ஒரு காலு வாங்கித் தரட்டு" என்று சொல்லித்தான் ஆல்பங்களையும் ஒரு பிஸ்கட் டின்னையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்.

டின்னில் நாணயங்கள் இருந்தன. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்துச் சக்கரமும் காசும். அவற்றை அப்படியே மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய நாணயம் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரமாக விற்கக்கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. இது தெரியாமல் குழுக்களில் போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஆல்பங்களை 22 லாட்டாகப் பிரித்தோம். அதில் 14-ஆவதுதான் டீச்சர் கணவருக்கு உயிர். 1939-இல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் 27-ஆவது பிறந்தநாளுக்குத் திருவிதாங்கூர் அஞ்சல் வெளியிட்ட வரிசை. 7 சக்கரம் தலையில் கன்னியாகுமரி, 14 சக்கரம் தலையில் பேச்சிப்பாறை நீர்த்தேக்கம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அப்படிப் பார்த்தால் கன்னியாகுமரி கால் ரூபாய், பேச்சிப்பாறை அரை ரூபாய். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால், 1951-இல் திருவிதாங்கூர் அஞ்சல் இந்திய அஞ்சல் துறையோடு கலப்பதற்கும் முன்னால், நம் ஊர்க் கடலும் அணையும் தபால்தலையில் இருந்தன என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியம். இந்த வரிசையோடு நாகர்கோவில், தக்கலை, குழித்துறை அஞ்சல் முத்திரை விழுந்த 12 கவர்களையும் சேர்த்து ஒரே லாட்டாக வைத்தேன்.

தலைகளின் பின்பக்கப் பசை பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரக்காற்றில் பசை இளகும், பழுப்புப் புள்ளி விழும். டீச்சர் கணவர் ஒவ்வொரு தலையையும் கண்ணாடித்தாள் உறையில் போட்டு, அரிசி டப்பாவுக்கு மேல் உள்ள அலமாரியில் வைத்திருந்தார். சமையலறையில் அந்த இடம்தான் எப்போதும் காய்ந்து இருக்குமாம். எண்பது வருஷம் தாண்டியும் பேச்சிப்பாறைத் தலையில் ஒரு புள்ளி இல்லை. என் கணிப்பில் லாட் 14 ஐயாயிரம் பக்கம் போகும்.

அன்றைய ஏலம்

ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதற்குப் பிறகு உள்நாட்டு விற்பனையை நான் வாட்ஸ்அப் குழுக்களில்தான் செய்கிறேன். இந்தக் குழுவின் விதிகள் வழக்கமானவை. எட்டு மணி முதல் பத்து மணி வரை ஏலம். கடைசி ஐந்து நிமிஷத்தில் யாராவது விளித்தால் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும். மூவாயிரம் வரை நூறு நூறாக, அதற்கு மேல் இருநூறு இருநூறாக ஏற்ற வேண்டும். விளித்ததைத் திரும்பப் பெற முடியாது. மூன்று நாளில் பணம் போட வேண்டும். அட்மினுக்கு 5 சதவீதம்.

போடாவிட்டால் என்ன ஆகும்? விதிகளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. விற்க ஒப்புக்கொடுக்கும் முன் இதை நான் கேட்டிருக்க வேண்டும்.

திருச்சூர்க்காரர் ஒருவரும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் தொடக்கம் முதல் விளித்தார்கள். திருச்சூர்க்காரர் 3,800-இல் நின்றார். 9:38-க்குக் கோயம்புத்தூர்க்காரர் 4,000 என்று போட்டார். பதின்மூன்று நிமிஷம் யாரும் பேசவில்லை. 9:51-க்கு மூன்றாவதாக ஒருவர் நுழைந்தார். குழுவில் சேர்ந்து மூன்று வாரம் ஆனவர், பெயருக்குப் பதில் ஒரு பைக் படம் வைத்திருந்தவர். ஒரே தாவலில் 4,400. கோயம்புத்தூர்க்காரர் 4,600. அவர் 4,800. இப்படியே மாறி மாறிப் போய், நேரம் நீண்டு நீண்டு, பைக் படக்காரர் பதின்மூன்றாவது முறையாக 9,200 என்று போட்டபோது கோயம்புத்தூர்க்காரர் 9,000-இல் நிறுத்திக்கொண்டார்.

அப்போது எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒன்பது நாள்

திங்கள்: "ஓகே அண்ணா, ஈவ்னிங் போடுறேன்." செவ்வாய் ஒன்றுமில்லை. புதன், கெடு முடியும் நாள்: "சம்பளம் இன்னும் ஏறல, வெள்ளிக்கிழமை கண்டிப்பா." வெள்ளி: "சர்வர் டவுன்." ஒவ்வொரு நாளும் மத்தியானம் டீச்சரிடமிருந்து போன் வரும். "பைசா வந்தாச்சா மக்களே?" நான் அவர் சாக்கையே டீச்சரிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. பச்சை நிற டிக், 9,280 ரூபாய், அஞ்சல் செலவு உட்பட. கீழே "ப்ராசஸிங்" என்று ஒரு வரி. "பேங்க்ல பெண்டிங்ல இருக்கு அண்ணா, நீங்க பார்சல் போட்டுருங்க, ரெண்டு மூணு நாள்ல ஏறிடும்" என்று கூடவே ஒரு செய்தி.

டீச்சர் அப்போது கடையில்தான் இருந்தார். படத்தை பெரிசாக்கி அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜெராக்ஸ் மெஷின் மேல் கிடந்த பென்சிலை எடுத்து, அதன் மொட்டை நுனியால் திரையில் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார். பிறகு தன் போனில் பென்ஷன் நாளில் பேரன் அனுப்பிய பணத்தின் ரசீதைத் திறந்து அதையும் எண்ணினார். "பேரன் அனுப்பினதுல பன்னிரண்டு இருக்கு. இந்தப் படத்துல பதினொண்ணுதான்" என்றார்.

யுபிஐ பரிமாற்றத்தின் குறிப்பு எண் எப்போதும் பன்னிரண்டு இலக்கம். போலியாகப் படம் செய்தவர் எண்ணிக்கையைக் கவனிக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்திருந்தாலும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பக்கூடாது, நம் வங்கிக் கணக்கில் ஏறியதா என்பது மட்டும்தான் பேச்சு. பெண்டிங் என்ற சாக்கும் நாள்கணக்கில் நிற்காது. அனுப்பியவர் கணக்கில் கழிந்து, பெறுபவருக்குப் போய்ச் சேராத யுபிஐ பணம் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. "அப்படியானால் உங்கள் வங்கியில் இந்தப் புகாரைக் கொடுங்கள், நூறு ரூபாய் வீதம் கிடைக்கும்" என்று அவருக்கு எழுதினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. திங்களன்று அவர் படம் மறைந்துவிட்டது. என்னை பிளாக் செய்திருந்தார்.

பார்சலை அனுப்பியிருந்தால் அதுவும் போயிருக்கும். டீச்சர் எண்ணியதால் தப்பியது.

அட்மின் அண்ணனை அழைத்தேன். "வேற ஒரு லாட்டுக்கு அவன் ஒழுங்கா பைசா போட்டானே" என்றார். இருநூறு ரூபாய் லாட் அது. பெரிய லாட்டுக்கு முன் சின்ன லாட்டில் நல்ல பெயர் வாங்குவது பழைய வழி என்று சொல்லிப் பார்த்தேன். குழுவிலிருந்து நீக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். 9,200-க்கான கமிஷனையும் கேட்டார், பிறகு விட்டுக்கொடுத்தார். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான் செய்த தவறு

அதே திங்கள் மாலை கோயம்புத்தூர்க்காரருக்கு எழுதினேன்: "சார், லாட் 14 ஜெயித்தவர் பணம் போடவில்லை. அடுத்த இடம் உங்களுடையது. உங்கள் 9,000-க்கே எடுத்துக்கொள்ளலாம்."

அரைமணி நேரத்தில் பதில் வந்தது. "மூணு வாரத்துக்கு முன்னாடி வந்த ஒரு ஆள் கடைசி ஒன்பது நிமிஷத்துல வந்து என்னை ஒன்பதாயிரம் வரைக்கும் இழுத்துட்டுப் போனார். இப்போ அவர் இல்லை, நான் மட்டும் ஒன்பதாயிரம் தரணும். அவர் யார் சார்? உங்க ஆள்தானே?"

எனக்குக் கை நடுங்கியது. டீச்சர் பெயரில், அவர் கணவர் ஆல்பத்தை வைத்து, நான் ஆள் வைத்து விலை ஏற்றினேன் என்று ஒருவர் நினைக்கிறார். மறுத்து நீளமாக எழுத ஆரம்பித்தேன், பிறகு அழித்தேன். அவர் இடத்தில் நின்று பார்த்தால் அவருக்குத் தெரிவது என்ன? கள்ள ஏலம் நடத்துகிற விற்பனையாளர் என்ன செய்வாரோ அதையே, அச்சு அசலாக, நான் செய்திருக்கிறேன். ஆள் வைத்து ஏற்றுவது, அந்த ஆள் தவறிப்போய் ஜெயித்துவிட்டால் "அவர் பணம் போடவில்லை" என்று சொல்லி அடுத்தவரிடம் அதே விலைக்குத் தள்ளுவது. என் மனசில் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குத் தெரிந்தது 9,000 என்ற எண் மட்டும்.

அன்றிரவு உட்கார்ந்து குழுவின் உரையாடலை ஏற்றுமதி செய்து, விளி விளியாகத் தாளில் எழுதினேன். பைக் படக்காரரின் பதின்மூன்று விளிகளையும் சிவப்புப் பேனாவால் அடித்தேன். அடித்த பிறகு மிஞ்சிய ஏலம் என்ன? 3,800-இல் திருச்சூர்க்காரர் நின்றார். 4,000-இல் கோயம்புத்தூர்க்காரர் தனியாக நின்றார். அதன் பின் அவர் போட்ட பன்னிரண்டு விளிகளும் ஒரு பொய்க்குச் சொன்ன பதில்கள். உண்மையான ஏலம் 4,000-இல் முடிந்திருந்தது.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. நானே அதை நம்பியவன். "9,000 என்று அவர் விரும்பித்தானே சொன்னார்? அவருக்கு அது அவ்வளவு பெறும் என்றுதானே அர்த்தம்?" இல்லை. ஏலத்தில் விளிக்கிறவர் பொருளை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை, பக்கத்தில் நிற்பவரையும் பார்க்கிறார். இன்னொருவர் எட்டாயிரம் தரத் தயாராக இருக்கிறார் என்றால், தனக்குத் தெரியாத ஏதோ அவருக்குத் தெரிந்திருக்கிறது, இந்த முத்திரை அரிதானதாக இருக்கலாம் என்று நினைக்கிறார். அந்த நினைப்பு 8,200 ஆகிறது. எதிரே நின்றவர் பணமே தராத ஆள் என்று தெரிந்த நிமிஷம் அந்த நினைப்புக்கு அடித்தளம் இல்லை. அவர் வாயிலிருந்து வந்த எண் என்பதற்காக அவரிடமே அதை வசூலிக்க நமக்கு என்ன உரிமை?

ஈபேயில் இரண்டாம் வாய்ப்பு என்று ஒன்று உண்டு. ஜெயித்தவர் பணம் கட்டாவிட்டால் தோற்றவருக்கு அவருடைய உச்ச விளிக்கே பொருளைத் தரலாம் என்று விற்பனையாளர் கேட்கலாம். மறுத்தாலும் வாங்குபவருக்கு நஷ்டமில்லை. முறை வெளிப்படையாக இருப்பதால் அங்கே அது ஓடுகிறது. ஆனால் ஒருவரையொருவர் பெயரால் அறிந்த நம் சின்னக் குழுக்களில், பணம் போடாதவரின் விளிகளை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சும் விலையைத்தான் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும் என்பது என் முடிவு. விற்பவருக்கு அது கசக்கும். டீச்சரிடம் 9,200 போய் 4,000 என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவரோ தாளை வாங்கிச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். "கணக்கு சரிதான். தப்பா வந்த வரிய அடிச்சாதான் விடை வரும்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் கோயம்புத்தூர்க்காரருக்கு அந்தத் தாளின் படத்தை அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டேன். 4,000-க்குத் தருகிறேன் என்றேன். "கணக்கு அனுப்பினதுக்கு நன்றி. ஆனா இப்போ வேண்டாம் சார், மனசு விட்டுப் போச்சு" என்று பதில் வந்தது.

சட்டம் சொல்வது

தொகை சின்னது, வழக்குப் போடப்போவதில்லை. ஆனாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் 64-ஆம் பிரிவின்படி, சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ முடிவை அறிவித்ததும் ஏல விற்பனை பூர்த்தியாகிறது. அதற்கு முன்வரை விளித்தவர் தன் விளியைத் திரும்பப் பெறலாம். நம் குழுக்களில் அட்மின் போடும் வின்னர் லிஸ்ட்தான் சுத்தியல் என்பது என் வாசிப்பு. அதனால்தான் 10:24 என்ற நேரம் முக்கியம்.

அதே பிரிவு, விற்பவர் போலி விளி வைத்து விலையை ஏற்றினால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம் என்கிறது. கோயம்புத்தூர்க்காரரின் சந்தேகம் வெறும் கோபம் அல்ல என்று இதைப் படித்தபோது புரிந்தது.

விற்பவர்களில் பலருக்குத் தெரியாதது 54-ஆம் பிரிவு. பணம் கிடைக்காத விற்பனையாளர், பொருள் இன்னும் தன் கையில் இருந்தால், மறுவிற்பனை செய்யப்போகிறேன் என்று வாங்கியவருக்கு அறிவிப்புக் கொடுத்து, நியாயமான அவகாசம் தந்து, பிறகு வேறொருவருக்கு விற்கலாம். விலை குறைந்தால் அந்த நஷ்டத்தை முதல் ஆளிடம் கேட்கும் உரிமையும் உண்டு. அழுகும் பொருளுக்கு அறிவிப்பு வேண்டாம். மற்றதற்கு அறிவிப்பே கொடுக்காமல் விற்றால் நஷ்டத்தைக் கேட்க முடியாது. அதற்கு மேலும் ஒன்று: கூடுதல் விலைக்குப் போனால் அந்த லாபம் பணம் போடாத ஆளுக்குச் சேரும். இரண்டு வரிச் செய்தி ஒன்றை அனுப்பாததால் வரும் வினை இது. நான் இப்போது அனுப்பும் வரிகள்: "லாட் இத்தனைக்கான தொகை இந்தத் தேதி இரவு 8 மணிக்குள் வரவில்லை என்றால் பொருளை மறுபடியும் விற்பேன். விலை குறைந்தால் வித்தியாசத்துக்கு நீங்கள் பொறுப்பு." திட்டு வேண்டாம், பொதுக்குழுவில் படத்தைப் போட்டு அவமானப்படுத்தவும் வேண்டாம். அது நமக்கே வம்பாகத் திரும்பும்.

நுகர்வோர் ஆணையம் வாங்குபவருக்கானது, விற்பவர் அங்கே போக முடியாது. பணம் தராதது மட்டும் என்றால் அது சிவில் தகராறு. போலி ஸ்கிரீன்ஷாட் வந்துவிட்டால் கதை வேறு. பொருளைப் பறிகொடுத்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுக்க வேண்டும். நாங்கள் படங்களைப் பத்திரப்படுத்தியதோடு நிறுத்திக்கொண்டோம்.

நம் ஊர் ஏலங்கள் எப்படி நிற்கின்றன

குளச்சலிலும் முட்டத்திலும் கரையில் மீன் ஏலம் விளிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ரொக்கம் எண்ணாமலே கூடை கை மாறும். விளிப்பவருக்கு வியாபாரியைத் தெரியும், அவர் அப்பாவைத் தெரியும். கடன் நின்றால் நாளைக்கு அதே மணலில் எந்த முகத்தோடு நிற்பது? ஊர் சீட்டில் ஏலம் எடுத்தவர் ஜாமீன் காட்டினால்தான் பணம் கையில் வரும். தென்னை ஏலம், நகை ஏலம் எதுவானாலும் முன்பணம் கட்டாதவரை விளிக்கவே விடமாட்டார்கள். முகமோ ஜாமீனோ முன்பணமோ, ஏதாவது ஒன்று ஏலத்துக்கு முன்பே பிணையாக இருக்கிறது. வாட்ஸ்அப் ஏலத்தில் மூன்றும் இல்லை. ஒரு பைக் படம் இருந்தது.

ஈபே இதை வேறு விதமாகச் சமாளிக்கிறது. வாங்கியவருக்கு நான்கு நாள் அவகாசம். அதற்குப் பிறகு விற்பவர் விற்பனையை ரத்து செய்யலாம், அது வாங்கியவர் கணக்கில் பதிவாகும், அப்படிப் பதிவானவர்கள் தன் பொருளுக்கு விளிக்கவே முடியாதபடி விற்பவர் தடுத்து வைக்கலாம். 2008 முதல் அங்கே விற்பவர் வாங்குபவருக்கு மோசமான மதிப்பீடு போட முடியாது என்பதால் இந்தத் தடுப்புதான் விற்பவரின் முக்கியக் கவசம். நம் குழுக்களில் அந்தப் பதிவேட்டை நாமேதான் எழுத வேண்டியிருக்கிறது.

எழுதினோம். மூவாயிரத்துக்கு மேல் விளிக்க விரும்புகிறவர் முன்கூட்டியே 500 ரூபாய் போட வேண்டும், தோற்றால் அன்றிரவே திரும்பும். பெயரும் பின்கோடோடு முகவரியும் ஏலத்துக்கு முன்பே வேண்டும். பணம் போடாதவரின் விளிகள் அனைத்தும் கழிக்கப்பட்டு அடுத்தவருக்கு விலை சொல்லப்படும் என்பதை விதியாகவே முதல் செய்தியில் போட்டோம். இதற்கு ஒரு விலை கொடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த ஏலத்தில் விளிக்க வந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். சில லாட்டுகள் ஆரம்ப விலைக்கே போயின. எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்த ஏலத்தில் எல்லோரும் பணம் போட்டார்கள்.

தாமதிக்கிறவர் எல்லோரையும் இந்த ஆளோடு சேர்க்கக்கூடாது. அதே ஞாயிறு இரவு லாட் 6 எடுத்தவர் கருங்கல் ஊர்க்காரர், மஸ்கட்டில் வேலை. புதன் காலையே, நான் கேட்பதற்கு முன்னால், "அண்ணே, ஏடிஎம் கார்டு லாக் ஆயிட்டு, இருபதாம் தேதி வாக்குல ஊர்ல தம்பி வந்து நேர்ல தருவான்" என்று செய்தி அனுப்பினார். பத்தொன்பது நாள் கழித்துத் தம்பி வந்தார், பணமும் வந்தது. கெடுவுக்கு முன்பே தானாகப் பேசினார், ஒரு தேதி சொன்னார், ஊரில் ஒரு ஆளைக் காட்டினார். பைக் படக்காரர் ஒவ்வொரு முறையும் நான் கேட்ட பிறகுதான் பேசினார், ஒவ்வொரு முறையும் காரணம் மாறியது. நான் இப்போது இதைத்தான் கவனிக்கிறேன்.

மறு ஏலம்

அறிவிப்புக் கெடு முடிந்து மூன்று வாரம் கழித்து லாட் 14 மறுபடி வந்தது. முன்பணம் போட்டவர்கள் நான்கு பேர். திருச்சூர்க்காரர் 5,200 வரை வந்தார். 5,400-க்கு மார்த்தாண்டம்காரர் ஒருவர் எடுத்தார். அவருக்கு வேண்டியது குழித்துறை முத்திரை விழுந்த கவர்கள்தானாம். ஆஸ்பத்திரி அட்வான்ஸ் தேதியை டீச்சர் ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டி வந்தது. மீதிப் பணம் மற்ற லாட்டுகளிலிருந்து சேர்ந்தது.

மார்த்தாண்டம்காரர் தபாலில் வேண்டாம், நேரில் வருகிறேன் என்றார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மழையில் நனைந்தபடி கடைக்கு வந்தார். டீச்சரும் வந்திருந்தார். மார்த்தாண்டம்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, லென்ஸை வாங்கி, முதலில் கவர்களைப் பார்த்தார், பிறகு பேச்சிப்பாறைத் தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பசையைப் பார்த்தார். "எப்படி டீச்சர் இப்படி வச்சிருந்தாங்க?" என்றார். அரிசி டப்பாவைப் பற்றி டீச்சர் சொன்னார். முன்பணம் போக 4,900 ரூபாயை அவர் ஜிபேயில் போட்டுத் திரையைக் காட்டினார். டீச்சர் அதைப் பார்க்கவில்லை. தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வங்கிச் செய்தி வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறிப்பு எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார். பன்னிரண்டு வரை எண்ணி முடித்துவிட்டு, ஆல்பத்தை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் கொடுத்தார்.